அம்பத்தஞ்சா, அறுபதா? வழக்கறிஞர் மன்றத்துக்கு ஒரு தோட்டக் கிராணியின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மலேசிய வழக்கறிஞர் மன்றத் தலைவருக்கும் மன்றத்தாருக்கும்,

வணக்கம்.

நான் சுங்கை சிப்புட்காரன். 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்ஃபில் ரப்பர் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டு, நாடு முழுக்க அவசரகாலம் வந்ததே, அந்த ஊர். மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். இந்த இரண்டையும் விட்டால் எங்கள் ஊரைப் பற்றிக் கோலாலம்பூரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஈடிஎஸ் ரயில் நிற்கும், அவ்வளவுதான்.

தோட்ட ஆபீஸில் 34 வருடம் கிராணியாக இருந்து 2019-ல் ஓய்வு பெற்றேன். கிராணி என்றால் சம்பளக் கணக்கு எழுதுகிறவன் என்றுதான் வெளியே நினைப்பார்கள். தோட்டத்தில் அப்படி இல்லை. பிறப்புப் பத்திரத்துக்கு, சிவப்பு ஐ.சி.யை (அடையாள அட்டையை) நீலமாக்கிக் குடியுரிமை வாங்குவதற்கு, இ.பி.எஃப். என்ற சேமநிதிப் பாரத்துக்கு, பையன் போலீசில் மாட்டிக்கொண்டால், புருஷன் விட்டுவிட்டுப் போனால், எல்லாவற்றுக்கும் "ஐயா, கொஞ்சம் கூட வாங்க" என்பார்கள். அப்படிக் கூடப் போய்ப் போய் ஈப்போ, கோலகங்சார், தைப்பிங் என்று நான் ஏறி இறங்காத லாயர் ஆபீஸ் குறைவு. அவர்கள் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் இவர்களுக்கும், இவர்கள் தமிழில் அழுவதை ஆங்கிலத்தில் அவர்களுக்கும் மாற்றிச் சொல்லியே பாதி ஆயுள் போனது. நான் சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் உங்கள் உறுப்பினர்களை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நிறையப் பார்த்தவன்.

தொழிலில் இருக்கும் வழக்கறிஞர்கள் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று நீங்கள் வைத்திருக்கிறீர்களே, கருத்தரங்குக்குப் போனால் புள்ளி, உரை கேட்டால் புள்ளி என்று ஒரு திட்டம், அதைப் பற்றித்தான் இந்த மடல். அதைக் கட்டாயமாக வைப்பதா, அவரவர் விருப்பத்துக்கு விடுவதா என்று உங்களுக்குள் வாதம் நடப்பது எனக்குத் தெரியும். என் தம்பி மகள் சட்டம் முடித்துவிட்டு, வழக்கறிஞராவதற்கான சி.எல்.பி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வழியாகத்தான் எனக்கு இந்த விஷயமே வந்தது. வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2021 பிப்ரவரியில் என் தங்கை கணவர் மோட்டாரில் சந்தைக்குப் போகும்போது லோரி மோதி இறந்தார். அப்போது அவருக்கு வயது 56. தோட்டம் விற்றுப்போன பிறகு புல்வெட்டும் மெஷின் ஒன்றை வாங்கி, கோவில், பள்ளிக்கூடம், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள் என்று சொந்தமாகக் குத்தகை எடுத்துச் செய்துகொண்டிருந்தார். மாதாமாதம் 1,100 வெள்ளியை (ரிங்கிட்டை) தங்கை கையில் கொடுத்துவிடுவார். மீதி பெட்ரோலுக்கும் அவர் கைச்செலவுக்கும். அது கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். ஈமச்சடங்குக்கு ஆள் கூடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒருவன் கார்டை நீட்டினான், "கேஸை நாங்க பாத்துக்கறோம்" என்று. உங்களுக்குத் தெரியாத ஆள் வகை இல்லை அது. அவனை விரட்டிவிட்டு, நாமே நல்ல ஆளாகப் பார்ப்போம் என்று ஒரு வழக்கறிஞரிடம் தங்கையைக் கூட்டிப் போனேன். இருபது வருடத்துக்கு மேல் தொழிலில் இருப்பவர். மரியாதையான மனிதர். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

தங்கை ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்திருந்தாள். அதற்குள் புல்வெட்டுக் கூலி வாங்கிய ரசீதுகள், பேங்க் புத்தகம், கோவில் கமிட்டி கொடுத்த கடிதம் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தாள். அவர் ஐ.சி. நகலைப் பார்த்தார், பிறந்த வருடத்தைப் பார்த்தார், ரசீதுகளைப் பக்கவாட்டில் நகர்த்தினார். "ஓவர் ஃபிஃப்டி ஃபைவ்" என்றார் என்னைப் பார்த்து. 55 வயது தாண்டியவர் இறந்தால் அவர் சம்பாதித்துக் கொடுத்துவந்த பணத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது, சட்டம் அப்படி, துக்கத்துக்கு ஒரு 10,000 வெள்ளியும் ஈமச்செலவும்தான் கிடைக்கும் என்றார். நான் அதை வரி பிசகாமல் தங்கைக்குத் தமிழில் சொன்னேன். அவள் ரசீதுகளைத் திரும்ப டின்னில் அடுக்கி மூடினாள்.

அவர் சொன்னபடியே கேட்டார். இன்சூரன்ஸ்காரர்கள் சொன்னபடியே கொடுத்தார்கள். கேட்டதைக் கொடுப்பதில் அவர்களுக்கு என்ன நட்டம்? 2022 நடுவில் கணக்கு முடிந்தது. இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று தங்கை கையெழுத்துப் போட்டாள். கட்டணம், செலவு எல்லாம் போகக் கைக்கு வந்தது பதினாலாயிரத்துச் சொச்சம்.

அடுத்த வருடத் தீபாவளிக்கு என் தம்பி மகள் வந்திருந்தாள். முறுக்கைக் கடித்துக்கொண்டே புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள் என்னிடம் கேட்டாள்: "பெரியப்பா, மாமா கேசுல அம்பத்தஞ்சுன்னா சொன்னாங்க? இதுல அறுபதுன்னு இருக்கே."

1956-ஆம் ஆண்டு சிவில் சட்டம், 7-ஆவது பிரிவு. நீங்கள் தூக்கத்தில்கூடச் சொல்வீர்கள். அந்தச் சட்டம் திருத்தப்பட்டு 2019 செப்டம்பர் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. 55 என்பது 60 ஆனது. துக்கத்துக்கான தொகை 10,000 வெள்ளியிலிருந்து 30,000 ஆனது. மச்சான் இறந்தது அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் கழித்து. கணக்கும் எளிதுதான்: 31 வயதிலிருந்து 59 வயது வரை உள்ளவர் இறந்தால், அறுபதில் வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 60-ல் 56 போனால் 4, பாதி 2. இரண்டு வருடத்துக்கு மாதம் 1,100 என்றால் 26,400 வெள்ளி. துக்கத் தொகையில் விட்டது 20,000. ஆக 46,400 வெள்ளி. நான் கிராணி, இந்தக் கணக்கைப் போட எனக்கு அரை நிமிடம் ஆகவில்லை. அந்த டின்னில் இருந்த ரசீதுகள் இதற்காகத்தான் இருந்தன.

வழக்குப் போட மூன்று வருடக் கெடு. அன்றைக்கு இன்னும் மூன்று மாதம் மிச்சம் இருந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டாகிவிட்டதே. தம்பி மகள் சும்மா விடவில்லை. வழக்கறிஞர்கள் எல்லாரும் தொழில் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும், இப்படிப்பட்ட தவறுக்குத்தான் அது, கேட்டுப் பார்க்கலாம், ஒழுங்கு வாரியத்துக்கும் எழுதலாம் என்றாள். தங்கை ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "வேணாண்ணே. மறுபடியும் ஒரு லாயர் ஆபீசுக்கு என்னால ஏறி இறங்க முடியாது."

அதனால் அந்த மனிதர் பெயரை நான் இங்கே எழுதவில்லை, எங்கேயும் எழுதப்போவதுமில்லை. அவர் கெட்டவர் அல்ல. கட்டணத்தில் ஏமாற்றவில்லை, காசோலையைத் தாமதிக்கவில்லை. 2019-க்கு முன்னால் இந்தக் கேஸ் வந்திருந்தால் அவர் சொன்னது அத்தனையும் சரி. கற்றுக்கொண்டதை இருபது வருடம் பிசகாமல் செய்தார். சட்டம் நகர்ந்தது, அவர் நகரவில்லை. என் மனதில் உறுத்துவது வேறு: அந்தப் பழைய சட்டத்தைத் தமிழில் சொல்லி, அவளை டின்னை மூடவைத்தவன் நான்தான்.

இப்போது என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013 ஜனவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று வந்தது. 2016 ஜூலையில் 1,000. 2019-ல் 1,100. ஒவ்வொரு தடவையும் நான் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டை எழுதும் முறையே மாறியது. ஒரே ஒரு மாதம் நான் பழைய கணக்கில் எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? மறுநாள் காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்கிற ஆள் அத்தனை பேரும் ஆபீஸ் வாசலில் நின்றிருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூடத் தன் நாள் கூலியை, எத்தனை குலை, எத்தனை நாள், எவ்வளவு பிடித்தம் என்று விரல்விட்டுச் சொல்லுவாள். என் செக்ரோலைப் பார்க்க நூறு கண் இருந்தது. நான் ஒழுங்காக இருந்ததற்குப் பாதிக் காரணம் என் நேர்மை என்றால் பாதிக் காரணம் அந்தக் கண்கள்.

வழக்கறிஞரின் கணக்கை யார் பார்ப்பது? கட்சிக்காரருக்கு அது புரியாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குப் புரியும், சொல்ல மாட்டார். நீதிபதி பார்க்கலாம், ஆனால் கோர்ட்டுக்குப் போகாமல் கடிதத்திலேயே முடிகிற கேஸை அவர் எங்கே பார்க்கப்போகிறார்? என் தங்கை கேஸில் தவறைக் கண்டுபிடித்தது முறுக்குத் தின்றுகொண்டிருந்த ஒரு மாணவி. அவள் அன்றைக்கு வேறு பாடத்தைப் புரட்டியிருந்தால் இன்றைக்கும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் ஊரில் இப்படித் தெரியாமலே போன டின்கள் எத்தனை என்று யோசிக்கப் பயமாக இருக்கிறது.

அதனால்தான் "இருபது வருட அனுபவம் உள்ளவனை எதற்கு வகுப்புக்கு வா என்கிறீர்கள்?" என்று உங்கள் உறுப்பினர்கள் யாராவது கேட்டால் எனக்கு அது ஏறவில்லை. எங்கள் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது, இருபது வருடம் பால்மரம் சீவிய கை என்று யாரையும் அப்படியே விட்டுவிடவில்லை. மரத்தைத் தொட்டாலே பட்டையின் கனம் தெரிந்துவிடும் பெண்கள் அவர்கள். அவர்களையும் நிறுத்திவைத்து, கீழே எத்தனை பழம் உதிர்ந்திருந்தால் குலை பழுத்தது, எப்போது உளியால் வெட்டுவது, மரம் உயர்ந்தால் அரிவாளை நீளக் கம்பில் கட்டி எப்படி இழுப்பது என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சொல்லிக்கொடுத்தார். பச்சைக் குலை வெட்டினால் கூலியில் பிடித்தம். யாரும் அதைக் கௌரவக் குறைவு என்று நினைக்கவில்லை. சரி, முனகினார்கள்தான். முனகிக்கொண்டே கற்றுக்கொண்டார்கள்.

கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் நேரத்தை மட்டும் எண்ணுகிற கட்டாயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் வருடத்துக்கு 16 மணி நேரம் என்று கணக்குக் காட்டவேண்டியிருந்த விதியை 2016 நவம்பரில் எடுத்தேவிட்டார்கள் என்று தம்பி மகள் சொன்னாள். மணியை எண்ணாதே, உன் வேலைக்கு என்ன தெரிய வேண்டும் என்று நீயே பார்த்துப் படி, படித்ததை எழுதி வை என்கிறார்களாம். பக்கத்தில் சிங்கப்பூர் 2012-லிருந்து படிப்படியாகப் புள்ளிகளைக் கட்டாயமாக்கியது. இரண்டு ஊரும் கெட்டிக்கார ஊர்தான், இரண்டும் இரண்டு திசையில் போயிருக்கின்றன. எங்களுக்கு எது பொருந்தும் என்று சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று தெரியும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்ப்பது எப்படி என்று எந்தத் தோட்டக் கிராணிக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வருடாவருடம் எத்தனை பாதுகாப்புப் பயிற்சியில் அப்படி உட்கார்ந்திருக்கிறோம்!

மணிக்குப் பதிலாகக் கோப்பைக் கொடுங்கள். பெயரை அழித்துவிட்டு ஒரு பழைய கேஸ். "2021 பிப்ரவரியில் இறந்தவர், வயது 56, மனைவி உண்டு, மாதம் 1,100 கொடுத்துவந்தார். என்ன கேட்பீர்கள்?" அரைத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டட்டும். போட்டவருக்குப் புள்ளி. தவறாகப் போட்டவர் அங்கேயே தெரிந்துகொண்டு போவார், எவன் டின்னும் மூடப்படாமல். ஐந்து நட்சத்திர ஹோட்டலில் நாள் முழுக்க நடக்கும் கருத்தரங்கைவிட இந்த அரைத் தாள் எங்களுக்குப் பெரிது.

எந்தப் பாடம் என்பதும் முக்கியம். உங்கள் அறிவிப்புகளைத் தம்பி மகள் எனக்குக் காட்டுவாள். அனைத்துலக நடுவர் தீர்ப்பு, டிஜிட்டல் சொத்து, செயற்கை நுண்ணறிவு என்றெல்லாம் தலைப்புகள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நாட்டுக்கு அதுவும் தேவை. ஆனால் எங்கள் ஊர்க் கடைவீதியில் மாடிப்படி ஏறி வருகிற ஆள் அதைக் கொண்டுவருவதில்லை. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று வருகிறான். நிறுத்திய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுப் போட வேண்டும், 61-ஆம் நாள் போனால் கதவு மூடிவிடும். இது புதுச் சட்டம்கூட இல்லை. ஆலையில் வேலை பார்த்த ஒரு பையனுக்காக ஒருவர் முதலாளிக்கு நோட்டீசுக்கு மேல் நோட்டீசாக மூன்று மாதம் அனுப்பிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கடிதங்கள் நன்றாகத்தான் இருந்தன. காலம்தான் போய்விட்டது.

புதுச் சட்டங்களும் எங்களைத்தான் அதிகம் தொடுகின்றன. வேலைச் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது, வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆனது. அதே வருடம் ஜூலையில் கட்டாய மரண தண்டனை போனது. தண்டனையை மறுபடி பார்க்கும்படி விண்ணப்பம் போடக் கெடு வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு தாய் என்னிடம் வந்து "ஐயா, என் மகனுக்கு லாயர் யாருன்னே தெரியலியே" என்று நின்றாள். இந்த மாதிரி நேரத்தில் வட்டார வழக்கறிஞர் ஒவ்வொருவருக்கும் நாள் கணக்கு விரல்நுனியில் இருக்க வேண்டும்.

மதமாற்ற விவகாரத்தைச் சொல்லவே வேண்டாம். ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. வயது வராத பிள்ளையை மதம் மாற்றத் தாய் தகப்பன் இருவர் சம்மதமும் வேண்டும் என்று. அதே வருடக் கடைசியில் திருமண மணவிலக்குச் சட்டத்தின் திருத்தமும் நடப்புக்கு வந்தது. மதம் மாறிய கணவன் மணவிலக்குக்கு முன்பே இறந்துவிட்டால் மனைவி மக்கள் சொத்தில் பங்கு கேட்க வழி உண்டு என்று வந்தது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது உயிர் போகிற விஷயம். "அது ஷரியா (இஸ்லாமியச் சட்ட) கோர்ட்டு, நம்மால ஒண்ணும் பண்ண முடியாது" என்ற பழைய பதிலோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களை அதற்குப் பிறகும் நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நல்ல மனிதரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மடல் வெறும் குறையாகிவிடும். தைப்பிங் பக்கம் ஒரு வழக்கறிஞர் இருந்தார், இப்போது இல்லை. அவர் மேசையில் சட்டப் புத்தகங்கள் வயிறு ஊதிக்கிடக்கும். திருத்தம் ஒவ்வொன்று வரும்போதும் அதைத் துண்டாக வெட்டி, பழைய வரிகளுக்கு மேலேயே பசை போட்டு ஒட்டிவிடுவார். புத்தகம் மூடாது, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருப்பார். (அதுவும் எங்கள் பால்தான் என்று ஒருமுறை சொன்னேன், சிரித்தார்.) எந்தக் கேள்வி கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். "இருங்க, மாத்திப்புட்டானான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று ரப்பர் பேண்டைக் கழற்றுவார். அந்த ரப்பர் பேண்டு கழலும் சத்தம் கேட்டால்தான் எனக்கு நிம்மதி வரும். அவருக்கு யாரும் புள்ளி கொடுத்ததில்லை.

எல்லாரும் அவரைப்போல் இருப்பார்கள் என்று நம்பித் தொழிலை விட்டுவிட முடியாது. அதற்குத்தானே நீங்கள் இருக்கிறீர்கள். 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 42-ஆவது பிரிவு மன்றத்தின் நோக்கங்களைச் சொல்கிறது. தொழிலில் இருப்பவர்களின் நடத்தையையும் கல்வியையும் காத்து உயர்த்துவது அதில் ஒன்று. சட்ட விஷயங்களில் பொதுமக்களுக்குப் பாதுகாப்பும் உதவியும் தருவது இன்னொன்று. இரண்டும் ஒரே பிரிவில் இருக்கின்றன. நான் கேட்பது இரண்டையும் ஒரே அறையில் உட்காரவைக்கச் சொல்லித்தான்.

சிறு ஊர் வழக்கறிஞரின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒற்றை ஆளாக ஆபீஸ் நடத்துகிறார். காலையில் ஜாமீன், மதியம் வீட்டுப் பத்திரம், சாயங்காலம் புருஷன் பெண்டாட்டிச் சண்டை. கிளார்க் லீவு போட்டால் அவரே போட்டோஸ்டாட் எடுக்கிறார். அவரைக் கோலாலம்பூருக்கு வா என்றால் ஒரு நாள் வருமானம், ரயில் காசு, கருத்தரங்குக் கட்டணம் எல்லாம் போச்சு. பெரிய கம்பெனியில் இருப்பவருக்கு மதிய உணவு நேரத்தில் ஆபீஸிலேயே யாராவது வந்து வகுப்பெடுத்துவிடுவார்கள். கட்டாயம் என்று வந்தால் அடி விழுவது முதலில் சிறியவருக்குத்தான், எங்கள் ஆட்கள் போவதும் அந்தச் சிறியவரிடம்தான். ஆகவே நீங்கள் வாருங்கள். ஈப்போவுக்கு, தைப்பிங்குக்கு, தெலுக் இந்தானுக்கு, முடிந்தால் எங்கள் ஊருக்கே. கோர்ட்டு இல்லாத சனிக்கிழமை காலையில். கணினி வழி நடத்தினாலும் சரி, ஆனால் கோப்பைத் திறந்து கணக்குப் போடுகிற வகுப்பாக இருக்கட்டும், கேமராவை அணைத்துவிட்டுத் தூங்குகிற வகுப்பாக வேண்டாம்.

அப்புறம், காலையில் அந்த வகுப்பை முடித்தவர்கள் மதியம் இரண்டு மணி நேரம் கோவில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ உட்கார்ந்து இலவச ஆலோசனை சொல்லட்டும். சட்ட உதவி மையங்களுக்காக உங்கள் உறுப்பினர்கள் வருடத்துக்கு 100 வெள்ளி கொடுத்துவருகிறார்கள் என்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன். கொஞ்சம் நேரமும் கொடுத்தால், காலையில் படித்தது மதியம் ஆளாக வந்து எதிரில் உட்காரும். படித்தது பதிந்ததா என்று அப்போது தெரிந்துவிடும். அதற்கும் புள்ளி கொடுங்கள், தாராளமாக.

இன்னொன்று, உங்களுக்கு இது சின்னதாகத் தோன்றலாம். கட்சிக்காரருக்குப் புரியும்படி சொல்வதையும் ஒரு பாடமாக வையுங்கள். கோர்ட்டில் மலாய், ஆபீஸில் ஆங்கிலம், எதிரில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தமிழ் மட்டும். நடுவில் என்னைப்போல ஒரு கிராணி. நான் செத்துப்போனால் அடுத்த கிராணி கிடையாது. தோட்ட ஆபீஸே போய்விட்டது. ஒரு பக்கத்தில், கட்சிக்காரர் மொழியில், "உங்களுக்கு என்னென்ன கேட்க உரிமை உண்டு, எதைக் கேட்கப்போகிறேன், எதைக் கேட்கவில்லை, ஏன்" என்று எழுதிக் கொடுக்க ஒவ்வொரு வழக்கறிஞரும் பழக வேண்டும். அப்படி ஒரு தாள் என் தங்கை கையில் இருந்திருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் யாராவது நாலு பேர் பார்த்திருப்போம். எங்களுக்கும் கொஞ்சம் கண் கிடைத்திருக்கும், செக்ரோலுக்கு இருந்த மாதிரி.

இருபதாயிரத்துக்கு மேல் உறுப்பினர்கள் உள்ள மன்றம் உங்களுடையது. எங்கள் ஊரின் ஒரு குடும்பத்துக்காக விதியை மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. தொழில் செய்யும் சான்றிதழை வருடாவருடம் புதுப்பிக்கிறீர்கள். கட்டணம் கட்டினாயா, காப்புறுதி எடுத்தாயா என்று கேட்கிறீர்கள். அந்தப் பாரத்தில் இன்னொரு வரி இருக்கட்டும்: நீ எடுத்து நடத்துகிற வகைக் கேஸ்களில் இந்த வருடம் என்ன மாறியது, எழுது. ஒன்றும் மாறவில்லை என்று எழுதுகிறவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

தம்பி மகள் அந்தப் பரீட்சையில் தேறி இப்போது பயிற்சியில் இருக்கிறாள். அவள் மேசையிலும் ஒரு சட்டப் புத்தகம், ஒட்டுத் துண்டு இல்லாமல் சுத்தமாக இருக்கிறது. எல்லாம் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் பெரியப்பா என்கிறாள். சரி, பார்க்கட்டும்.

உங்களில் யாராவது எங்கள் ஊர்ப்பக்கம் வருவதாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். பிஸ்கட் டின் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ரசீதுகள் தேதி வாரியாக அடுக்கியே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்